கட்டளை அனுப்பிய சர்வரே காலி! ஆபீஸ் கம்ப்யூட்டர் அப்டேட்டில் முதல் பந்தி யாருக்கு?

[தொடக்கம்: இருட்டுத் திரை. கம்ப்யூட்டர் விசிறிச் சத்தம் மட்டும்.]

2014 மே மாதம். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இருக்கும் எமரி பல்கலைக்கழகம். அங்கே இருந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு கட்டளை போகிறது. அதன் சாரம் இதுதான்: உன் ஹார்ட் டிஸ்க்கைத் துடை, விண்டோஸ் 7-ஐப் புதிதாகப் போட்டுக்கொள்.

யாரோ ஹேக்கர் செய்த வேலை என்று நினைப்பீர்கள். இல்லை. பல்கலைக்கழகத்தின் சொந்த ஐடி பிரிவு வைத்திருந்த கருவியிலிருந்துதான் போனது. ஒரு சில கம்ப்யூட்டர்களுக்குப் போக வேண்டியது, கை தவறி எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் போய்விட்டது. லேப்டாப், டெஸ்க்டாப், அவ்வளவு ஏன், சர்வர்களுக்கும்.

விஷயம் தெரிந்ததும் கட்டளை அனுப்பிய சர்வரை ஆஃப் செய்தார்கள். ஆனால் அதற்குள் அந்த சர்வரே தன்னைத் துடைத்துக்கொண்டு விட்டது. அதுவும் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர்தானே? பட்டியலில் அதன் பெயரும் இருந்தது. பஸ்மாசுரன் தன் தலையில் தானே கை வைத்த கதை, அப்படியே.

[டைட்டில் இசை]

வணக்கம். ஒரு அலுவலகத்தில் 50 கம்ப்யூட்டர் இருந்தாலும் சரி, 50,000 இருந்தாலும் சரி, அவற்றுக்கெல்லாம் விண்டோஸ் அப்டேட்டை எப்படி அனுப்புகிறார்கள், யார் முடிவு செய்கிறார்கள், உங்கள் கம்ப்யூட்டர் ஏன் சரியாக நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போது ரீஸ்டார்ட் கேட்கிறது என்பதுதான் இன்றைய வீடியோ.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். எமரியில் போன கட்டளை கெட்ட கட்டளை இல்லை. புது லேப்டாப் பெட்டியிலிருந்து வெளியே வந்தால், அதில் ஏற்கெனவே இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டு ஆபீஸுக்கென்று தயார் செய்த விண்டோஸைப் போடுவது ஐடி ஆட்களுக்கு அன்றாட வேலை. கடிதத்தில் பிழையே இல்லை, விலாசம்தான் தப்பு. இந்தத் துறையில் பெரும்பாலான கூத்துகள் இப்படித்தான் நடக்கின்றன. என்ன அனுப்புகிறோம் என்பதைவிட யாருக்கு, எந்த வரிசையில் அனுப்புகிறோம் என்பதில்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது.

[திரையில்: காலண்டர். இரண்டாவது செவ்வாய் வட்டமிடப்படுகிறது.]

சரி, பின்னணி. போரடிக்கும், வேகமாக முடித்துவிடுகிறேன். 2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் பாதுகாப்பு அப்டேட்களை வெளியிடுகிறது. 'பேட்ச் டியூஸ்டே' என்று பெயர். அவர்கள் ஊர் காலை பத்து மணி என்றால் இந்தியாவில் இரவு பத்தரை, அங்கே குளிர்காலம் என்றால் பதினொன்றரை. ஆக நம் ஐடி ஆட்களுக்கு அது நடைமுறையில் புதன்கிழமை. அப்டேட் வந்ததும் நல்லவர்கள் மட்டும் அதை இறக்குவதில்லை. பழைய ஃபைலையும் புது ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கும் ஆட்களும் அதே ராத்திரி உட்கார்ந்திருப்பார்கள். அதனால் ஆறப்போடவும் முடியாது. அனுப்புவதற்கு டபிள்யூசஸ், எஸ்சிசிஎம், இன்ட்யூன் என்று பல கருவிகள். பெயர்கள்தான் வேறு, கேட்கும் கேள்விகள் ஒன்றுதான்: எது, யாருக்கு, எப்போது, எந்தக் கெடுவுக்குள். பின்னணி முடிந்தது.

[திரையில்: வாழை இலை]

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்டேட் விஷயத்தில் முதல் பந்திதான் படை.

கல்யாண வீட்டில் 600 பேருக்குச் சாப்பாடு. எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்கார வைப்பதில்லை. முதல் பந்தியில் 100 பேர். சாம்பாரில் உப்பு கம்மி என்று யாராவது சொன்னால், இரண்டாம் பந்திக்குள் சமையல் மாஸ்டர் சரி செய்துவிடுவார். 100 பேர் முகம் சுளித்ததோடு போச்சு, 500 பேருக்கு விஷயமே தெரியாது. அப்டேட் அனுப்புவதும் இதே கணக்குதான். ஐடி ஆட்கள் இதை 'ரிங்' என்பார்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோபேட்ச் சேவை 2022-இல் வந்தபோது டெஸ்ட், ஃபர்ஸ்ட், ஃபாஸ்ட், பிராட் என்று நான்கு பந்தி வைத்துக் கொடுத்தது. முதல் பந்தி சாப்பிட்டு இரண்டு மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லை என்றால் அடுத்தது. மாதாந்திர அப்டேட்டை ஒரு பந்திக்கு 30 நாள் வரை தள்ளி வைக்கலாம், விண்டோஸின் புதுப் பதிப்பை 365 நாள் வரை.

இதுவரை பாடப்புத்தகம். சுவாரசியமே முதல் பந்தியில் யாரை உட்கார வைப்பது என்பதில்தான்.

பெரும்பாலான அலுவலகங்களில் என்ன செய்வார்கள்? ஐடி பிரிவே முதல் பந்தியில் உட்காரும். "நம்ம மெஷின்ல முதல்ல போட்டுப் பார்ப்போம்" என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், இது சமையல்காரரே சாப்பிட்டுவிட்டு "பிரமாதம்" என்று சொல்வது மாதிரி. ஐடி ஆளிடம் இருப்பதிலேயே புது லேப்டாப் இருக்கும், அட்மின் உரிமை இருக்கும். ஏதாவது கோளாறு வந்தால் அவரே இரண்டு நிமிடத்தில் சரி செய்துவிட்டு மறந்தும் போவார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பிரிண்ட் எடுக்கவே மாட்டார்!

ஏன் பிரிண்ட்டைப் பிடித்துத் தொங்குகிறேன் என்றால், 2021 மார்ச் மாத அப்டேட். போட்டதும் கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடியது. பிரவுசர், மெயில், எல்லாம் சரி. ஆனால் சில வகைப் பிரிண்டர்களுக்குப் பிரிண்ட் கொடுத்தால் உடனே நீலத் திரை, அதாவது விண்டோஸ் அப்படியே படுத்துவிடும். மார்ச் 9-ம் தேதி வந்த அப்டேட்டுக்கு ஒரு வாரத்துக்குள் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் விட வேண்டியதாயிற்று. முதல் பந்தியில் ஐடி ஆட்களை மட்டும் உட்கார வைத்தவருக்கு இது தெரிந்திருக்குமா? அக்கவுண்ட்ஸில் நாள் முழுக்க இன்வாய்ஸ் அடிக்கிற அக்காவை உட்கார வைத்தவருக்குத் தெரிந்திருக்கும், அதுவும் காலை ஒன்பதரைக்கே.

ஆகவே பந்தியில் எல்லாப் பிரிவிலிருந்தும் ஓரிருவர் இருக்க வேண்டும். அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், ரிசப்ஷன், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைக் கட்டி மேய்க்கிறவர், வீட்டிலிருந்து விபிஎன் போட்டு வேலை செய்கிறவர். இதில் ஒரு முக்கியமான ஆளை விட்டுவிடாதீர்கள். எந்தக் கல்யாணத்திலும் ஒரு மாமா இருப்பார். இலையில் உட்கார்ந்ததுமே "என்னப்பா ரசம் பச்சைத் தண்ணியா இருக்கு" என்று ஆரம்பிப்பார். எல்லாரும் அவரைப் பார்த்தால் ஒதுங்குவார்கள். அந்த மாமாதான் உங்களுக்கு வேண்டும்! வலித்தாலும் சொல்லாமல் சகித்துக்கொள்கிற நல்ல மனிதர்களை முதல் பந்தியில் வைத்தால், அப்டேட் சரியாக இருக்கிறதா, அவர்கள் பொறுத்துப் போகிறார்களா என்றே தெரியாது.

ஆங்கிலத்தில் இதற்கு வேறொரு உவமை. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரி குருவியைக் கூண்டோடு எடுத்துப் போவார்கள். குருவி மயங்கி விழுந்தால் விஷவாயு இருக்கிறது என்று அர்த்தம், ஓடு. பிரிட்டன் சுரங்கங்களில் 1986 வரைக்கும் இந்த வழக்கம் இருந்தது. முதலில் கொஞ்சம் பேருக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்பதை 'கேனரி' என்று சொல்வது அதிலிருந்துதான். நல்ல உவமைதான், ஆனால் எனக்குப் பந்தி உவமைதான் பிடித்திருக்கிறது. குருவிக்கு மயங்கத்தான் தெரியும், மாமா என்ன குறை என்று விவரமாகச் சொல்வார்.

மாமா சொன்னால் மட்டும் போதாது, யாராவது காது கொடுக்கவும் வேண்டும். 2018 அக்டோபர் 2-ம் தேதி விண்டோஸ் 10-இன் புதிய பதிப்பு, 1809, வெளியானது. போட்டவர்களில் சிலருக்கு டாக்குமென்ட்ஸ், படங்கள் எல்லாம் மாயம். நான்கே நாளில் மைக்ரோசாஃப்ட் விநியோகத்தை நிறுத்தியது. நவம்பர் 13-ம் தேதிதான் மறுபடி விட்டது. கொடுமை என்னவென்றால், முன்கூட்டியே சோதித்துப் பார்த்த தன்னார்வலர்களில் சிலர் இந்தக் குறையை ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பதிவுகளுக்கு ஆதரவு ஓட்டு அதிகம் விழவில்லை, குவியலுக்குள் புதைந்துவிட்டன. அதற்கப்புறம்தான் குறை எவ்வளவு தீவிரம் என்று குறிப்பிட ஒரு வசதியைச் சேர்த்தார்கள். ஒருவர் "சோறு வேகல" என்றும், நூறு பேர் "அப்பளம் போதல" என்றும் சொன்னால், நாம் அப்பளத்தைத்தான் கவனிப்போம், இல்லையா?

[திரையில்: பக்கத்துப் பக்கத்து இலைகள், நடுவில் ஒரு பாயசக் கிண்ணம்]

இன்னொரு சின்ன விஷயம், சொல்லாமல் விட மனசில்லை. கிளை அலுவலகத்தில் இன்டர்நெட் மெதுவாக இருந்தால், 40 கம்ப்யூட்டரும் தனித்தனியாக அப்டேட்டை இறக்க முயன்று எல்லாமே படுத்துவிடும். அதற்கு விண்டோஸில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் இறக்கிய துண்டுகளைப் பக்கத்துக் கம்ப்யூட்டர்கள் அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். பக்கத்து இலைக்குப் பாயசம்! இந்த ஒரு இடத்தில் மட்டும் அது நல்ல பழக்கம்.

"சரி, இவ்வளவு தொல்லை எதற்கு, அப்டேட்டே போடாமல் விட்டால்?" என்று கமெண்ட்டில் ஒருவர் கட்டாயம் கேட்பார். அவருக்காக 2017. மார்ச் 14-ம் தேதி மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டையை அடைத்தது. மே 12-ம் தேதி அதே ஓட்டை வழியாக, ஃபைல்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் வானாகிரை வைரஸ் புகுந்தது. இடையில் 59 நாள். இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் மருத்துவமனைகளையும் பிற சேவைகளையும் நடத்தும் 236 டிரஸ்ட்களில் 80 பாதிக்கப்பட்டன. நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட்கள் ஆயிரக்கணக்கில் ரத்து. பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை பழைய விண்டோஸ் எக்ஸ்பி என்று அப்போது எல்லாரும் பேசினார்கள், நானும் நம்பினேன். உண்மையில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கு அப்டேட் வந்திருந்தது, யாரும் போடவில்லை. அவ்வளவுதான்.

பந்தியே இல்லாமல் எல்லார் இலையிலும் ஒரே நேரத்தில் பரிமாறினால்? 2024 ஜூலை 19. இது விண்டோஸ் அப்டேட் இல்லை, கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கான ஒரு சின்ன ஃபைல். நம் நேரப்படி காலை 9:39-க்கு அனுப்பினார்கள், 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில். இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள், படம் பார்த்திருப்பீர்கள். இதில் என்னை உலுக்கியது என்ன தெரியுமா? பாதிக்கப்பட்டவர்களில் பலர் ஒழுங்காகப் பந்தி பிரித்து வைத்திருந்தவர்கள். அந்தப் பந்தி, மென்பொருளின் புதுப் பதிப்புகளுக்கு மட்டும்தான் பொருந்தும். இந்தச் சின்ன ஃபைல் பின்வாசல் வழியாக நேரே எல்லா இலைக்கும் வந்துவிட்டது. விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் போட்டு டிஸ்க்கைப் பூட்டியிருந்தவர்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் உட்கார்ந்து, பூட்டைத் திறக்கும் 48 இலக்க எண்ணைத் தட்டினார்கள். அந்த வார இறுதியை ஐடி நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்.

[திரையில்: டாஸ்க் மேனேஜர்]

ரீஸ்டார்ட். நீங்கள் ஒவ்வொரு தடவையும் 'பிறகு' என்று அழுத்துகிறீர்கள். ஐடி பிரிவு ஒரு கெடு வைத்திருக்கும். கெடு தாண்டினால் உங்களைக் கேட்காமலே ரீஸ்டார்ட் ஆகும். அதனால்தான் மீட்டிங் நடுவில். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு போடுகிற அன்றைக்கே கெடு முடிந்தது. அன்றைக்கு நான் கேட்ட வசவுகளை இங்கே சொல்ல முடியாது, யூடியூப் காசு தராது.

"நான் தினமும் ஷட் டவுன் செய்கிறேனே, அப்புறம் எதற்கு ரீஸ்டார்ட்?" என்று கேட்பவர்கள், வீடியோவை நிறுத்திவிட்டு ஒன்று செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு-வை அழுத்தி, 'அப் டைம்' என்ற இடத்தைப் பாருங்கள். நேற்று ராத்திரி ஷட் டவுன் செய்த கம்ப்யூட்டர் பன்னிரண்டு நாளாக ஓடுவதாகக் காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். விண்டோஸ் 8-இல் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வேலை அது. ஷட் டவுன் என்றால் விண்டோஸின் மையப்பகுதி முழுக்கச் சாவதில்லை, தன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையிலேயே முதலிலிருந்து எழும். உங்கள் அப் டைம் எத்தனை நாள் என்று கமெண்ட்டில் போடுங்கள். என் கம்ப்யூட்டர் 23 நாள். ஊருக்குத்தான் உபதேசம், ஆமாம்.

கடைசியாக ஒன்று. அப்டேட்களைப் பரிமாறும் டபிள்யூசஸ் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, 2024 செப்டம்பரில் இனி அதற்குப் புது வசதிகள் வராது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. ஆனாலும் பல அலுவலகங்களில் இன்னமும் ஓடுகிறது. 2025 அக்டோபரில் அந்த டபிள்யூசஸிலேயே ஓர் ஓட்டை. தீவிரம் 10-க்கு 9.8. அந்த மாதப் பேட்ச் டியூஸ்டேயில் வந்த திருத்தம் முழுசாக அடைக்கவில்லை என்று 23-ம் தேதி அவசரமாக இன்னொன்று விட்டார்கள். ஊருக்கெல்லாம் பரிமாறுகிறவர் இலையில்தான் முதலில் போட வேண்டியிருந்தது.

எமரி சர்வர் ஞாபகம் வருகிறதா? உங்கள் அலுவலகத்தில் அப்டேட் அனுப்பும் சர்வர் எந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது என்று ஐடி ஆளிடம் கேட்டுப் பாருங்கள். அவர் யோசித்தால் இந்த வீடியோவை அனுப்பிவிடுங்கள். அடுத்த வாரம் பிட்லாக்கர்: அந்த 48 இலக்க எண்ணை எங்கே வைத்தோம் என்று தேடும் படலம்.

[முடிவுத் திரை]