28 ஆண்டு தாமதமாக வந்த இசைத்தட்டு

(இசை ரசிகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில், தட்டுகளை ஒலிக்கவிட்டு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

1962ஆம் ஆண்டு அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட்ட ஒரு சிறிய இசைத்தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் வட்டச்சீட்டில் பாடகியின் பெயர் பெட்டி லாவெட் என்று அச்சாகியிருக்கிறது. இன்று அவர் தம் பெயரை எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டலோடு ஒப்பிட்டால், அந்தச் சீட்டில் பெயருக்கொன்றாக இரண்டு ஆங்கில 'e' எழுத்துகள் குறைகின்றன. வாயால் சொல்லும்போது எந்த வேறுபாடும் தெரியாது. பழைய பட்டியல்களில் விரல் வைத்துத் தேடுகிறவருக்கோ அவர் இரண்டு பாடகிகளாகிவிடுவார். சின்ன விஷயம்தான். ஆனால் இவருடைய வாழ்க்கையில் காணாமற்போனவை பலவும் இப்படித்தான் காணாமற்போயின. பாடகி பாடிக்கொண்டே இருந்தார். பாடியது எங்கே இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

'மை மேன், ஹீ இஸ் எ லவிங் மேன்' என்ற அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது அவருக்கு 16 வயது. பெட்டி ஜோ ஹாஸ்கின்ஸ் என்ற இயற்பெயரோடு 1946 ஜனவரி 29 அன்று மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் ஊரில் பிறந்தவர். வளர்ந்தது டெட்ராய்ட் நகரில். சோல் என்பது தேவாலயப் பாட்டும் ரிதம் அண்ட் புளூஸும் கலந்து பிறந்த அமெரிக்கக் கறுப்பர் இசை. சோல் இசைக்காரர்களின் வரலாறு பெரும்பாலும் தேவாலயப் பாடற்குழுவில் தொடங்கும். அதே டெட்ராய்ட்டில் அரீதா ஃப்ராங்க்ளின் போதகரின் மகளாக வளர்ந்தார். சாம் குக், சோல் ஸ்டிரர்ஸ் என்ற நற்செய்திப் பாடற்குழுவிலிருந்து வந்தார். லாவெட்டின் பள்ளிக்கூடமோ அவர் வீட்டு முன்னறை. பெற்றோர் அங்கே மக்காச்சோளச் சாராயம் விற்றார்கள். அறையில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் ஒன்று இருந்தது. ஊர் ஊராகச் சென்று நற்செய்திப் பாடல் பாடிய குழுவினரும் அந்த வீட்டுக்கு வந்துபோனார்கள் என்பது இதில் சுவையான செய்தி. கறுப்பர்களின் ரிதம் அண்ட் புளூஸ், வெள்ளையர்களின் நாட்டுப்புற இசை என்ற பாகுபாடு ஜூக்பாக்ஸுக்குத் தெரியாது. பின்னாளில் எந்த இசை வகைப் பாட்டையும் தயக்கமின்றி எடுத்துப் பாடியவரின் துணிச்சலுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

ஜானி மே மாத்யூஸ் என்ற டெட்ராய்ட் பெண் தயாரிப்பாளர் அந்த முதற்பாட்டைப் பதிவு செய்தார். லூபின் என்ற உள்ளூர் நிறுவனத்திடமிருந்து அட்லாண்டிக் அதை வாங்கி நாடெங்கும் அனுப்பியது. ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் பாட்டு 7ஆம் இடத்துக்கு ஏறியது. அறுபது ஆண்டுகளைத் தாண்டிய தொழில்வாழ்வில், அந்தப் பட்டியலில் இவர் தொட்ட உச்சம் இன்றுவரை அந்த முதற்பாட்டுதான். அட்லாண்டிக்கில் அடுத்த தட்டு எடுபடவில்லை. 1963இல் மறுபடியும் லூபினுக்காகப் பாடிய 'விட்ச்கிராஃப்ட் இன் தி ஏர்' அமெரிக்காவில் கவனிப்பாரின்றிப் போய், பின்னர் அரிய தட்டுகளைத் தேடி நடனமாடும் வட இங்கிலாந்து ரசிகர்களிடம் மதிப்புப் பெற்றது.

1965இல் நியூயார்க்கின் காலா நிறுவனத்துக்காகப் பாடிய 'லெட் மீ டவுன் ஈஸி' பாட்டில் சற்று நின்று கேட்க வேண்டும். கைவிடுவதென்று முடிவு செய்துவிட்டாய், மெல்லக் கைவிடு என்று காதலனிடம் கேட்கும் பாட்டு. (தட்டு ஒலிக்கிறது.) தாளக்கட்டைக் கவனித்தீர்களா? டாங்கோ நடனத்தின் தயங்கித் தயங்கி விழும் நடை. வயலின்களை வில்லால் இழுக்காமல் விரலால் சுண்டியிருக்கிறார்கள். அந்தச் சுண்டல் ஒலிகளுக்கு நடுவே விடப்பட்ட வெற்றிடத்தில், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, அழுகைக்கு ஒரு நூலிழை முன்னால் குரலை நிறுத்திப் பிடித்திருக்கிறாள். இந்த வயதில் எல்லாரும் குரலின் உயரத்தைக் காட்டத்தான் ஆசைப்படுவார்கள். இவர் அடக்கத்தைக் காட்டுகிறார். பட்டியலில் இப்பாட்டு 20ஆம் இடத்தோடு நின்றது. சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவோடு சில காலம் மேடையேறும் வாய்ப்பு கிடைத்தது; ஆனால் ஓர் ஆல்பம் கிடைக்கவில்லை.

அன்றைய வியாபாரத்தில், நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும், பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு தட்டுகள் இரண்டு மூன்று நன்றாக விற்றால்தான் ஆல்பம் என்ற பேச்சே எழும். சிறிய நிறுவனம் தட்டு அச்சடிக்கும் செலவை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். விநியோகஸ்தரிடமிருந்து பணம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் அடுத்த தட்டு தயாராக இல்லையென்றால் பழைய பாக்கியும் வந்து சேராது. சின்னஞ்சிறு நிறுவனங்களில் பாடியவர்கள் எத்தனை திறமையுள்ளவர்களாக இருந்தாலும், தனித்தனித் தட்டுகளாகச் சிதறிப்போனதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான்.

அதன்பின் சில ஆண்டுகள் டெட்ராய்ட்டின் சிறு நிறுவனங்களில் கழிந்தன. 1969இல் சில்வர் ஃபாக்ஸ் என்ற நிறுவனம் அவரை மெம்பிஸுக்கு அழைத்துச் சென்று டிக்ஸி ஃபிளையர்ஸ் என்ற வாத்தியக் குழுவோடு பாட வைத்தது. அங்கே பதிவான 'ஹீ மேட் எ வுமன் அவுட் ஆஃப் மீ' பட்டியலில் 25ஆம் இடத்தையும், 'டூ யுவர் டியூட்டி' 38ஆம் இடத்தையும் பெற்றன. இந்த மெம்பிஸ் பதிவுகளை இன்று கேட்டால், டெட்ராய்ட் பளபளப்பு முற்றிலும் உதிர்ந்து, கிதாரும் டிரம்ஸும் எலும்பைப் போலத் தெரிய, குரல் அவற்றின்மேல் உராய்ந்துகொண்டு போவது புரியும். இவற்றிலும் ஓர் ஆல்பத்துக்குப் போதுமான பாட்டுகள் இருந்தன. அப்போதும் ஆல்பம் வரவில்லை.

இனி, இன்று நான் பேச வந்த தட்டுக்கு வருகிறேன்.

1972இல் அட்லாண்டிக் அவரை மீண்டும் ஒப்பந்தம் செய்தது. பிராட் ஷாப்பிரோ தயாரிப்பாளர். பதிவு நடந்த இடம் அலபாமா மாநிலத்தின் மஸில் ஷோல்ஸ் பகுதி. சோல் இசையின் பெரும்பாடகர்கள் பலரும் தேடிப் போன ஒலிப்பதிவுக்கூடங்கள் அந்தச் சிற்றூர் வட்டாரத்தில்தான் இருந்தன. பேஸ் கிதார் வாசித்தவர் டேவிட் ஹூட். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முப்பத்தைந்து ஆண்டு கழித்து மறுபடி வரும். ஆல்பத்துக்கு 'சைல்ட் ஆஃப் தி செவன்டீஸ்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. பத்து ஆண்டுகள் தனித்தட்டுகளாகவே அலைந்த ஒருவருக்கு அது முதல் ஆல்பம், வயது 26.

ஆல்பம் வெளிவரவில்லை. வேண்டாமென்று நிறுத்திவிட்டார்கள். இன்ன காரணத்தால் நிறுத்தினோம் என்று அவருக்குத் தெளிவாக எவரும் சொல்லவில்லை. செய்தி கேட்டதும் மதுக்குப்பியோடு சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டதைப் பின்னாளில் அவரே சிரித்தபடி விவரித்திருக்கிறார். தம் ராசியைப் பிணந்தின்னிக் கழுகின் ராசி என்று சொல்வது அவர் வழக்கம்: தானாக எதையும் கொல்லவும் முடியாது, எதுவும் தானாகச் செத்தும் தொலையாது. அமெரிக்கக் கறுப்பர் பேச்சில் வழங்கும் இந்தத் தொடரைத் தம் வாழ்க்கைக்கு இவ்வளவு பொருத்தமாகப் பயன்படுத்திய இன்னொருவரை நான் அறியேன்.

அந்தப் பதிவிலிருந்து 'யுவர் டர்ன் டு க்ரை' போன்ற ஓரிரு பாட்டுகள் மட்டும் தனித்தட்டாக வந்து ஓசையின்றி மறைந்தன. ராக் பாடகர் நீல் யங்கின் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' வெளிவந்த அதே 1972இல் இவரும் அதைப் பாடித் தட்டாக வெளியிட்டார். மூலப்பாட்டில் ஒருவன் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு நடக்கிறான். இவரிடம் அது வாசற்கதவைத் தட்டும் ஓசையாகிவிடுகிறது. ராக் பாட்டைச் சோல் குரலில் திருப்பிச் சொல்லும் இந்தக் கலைக்காகத்தான் முப்பது ஆண்டு கழித்து உலகம் அவரைக் கொண்டாடியது. ஆகவே அது முதுமையில் கண்டுபிடித்த உத்தி என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. இருபத்தாறு வயதிலேயே அது அவர் கையில் இருந்தது.

அந்த ஆல்பத்தின் மூல ஒலிநாடாக்கள் தீயில் எரிந்துவிட்டன என்று வெகுகாலம் நம்பப்பட்டது. 1978இல் அட்லாண்டிக்கின் நாடாக்கள் இருந்த நியூஜெர்சிக் கிடங்கு ஒன்று உண்மையிலேயே தீக்கு இரையானதால், அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல முடியாது.

இடைப்பட்ட காலத்தை விரைவாகக் கடந்துவிடுகிறேன், ஆனால் அது வெற்றுக்காலம் என்று எண்ணிவிடக் கூடாது. 1978இல் வெஸ்ட் எண்ட் நிறுவனத்துக்காக 'டூயின் தி பெஸ்ட் தட் ஐ கேன்' என்ற டிஸ்கோ பாட்டைப் பாடினார். வால்டர் கிப்பன்ஸ் அதை நடன அரங்குகளுக்காகப் பதினொரு நிமிட அளவுக்கு நீட்டிக் கோத்தார். சோல் ரசிகர்கள் இதை முகம் சுளித்துத் தள்ளுவார்கள்; நான் தள்ளமாட்டேன். 'பப்ளிங் பிரவுன் சுகர்' என்ற இசை நாடகத்தில் ஜாஸ் பாடகர் கேப் காலோவேயோடு ஆண்டுக்கணக்கில் மேடையேறினார். ஜிம் லூயிஸ் என்ற டெட்ராய்ட் இசைக்காரர், புகழ் வந்தால் வரட்டும், நாளை வேலை கிடைக்க வேண்டுமென்றால் பழைய ஜாஸ் பாட்டுகளையும் கற்றுக்கொள் என்று கண்டிப்போடு பழக்கினார். சிறு விடுதிகளில், இருபது முப்பது பேர் முன்னால் பாடியே காலம் தள்ள முடிந்ததற்கு அந்தப் பயிற்சிதான் துணை. முதல் ஆல்பம் 1982இல் வந்தது: மோட்டவுன் வெளியிட்ட 'டெல் மீ எ லை'. மோட்டவுன், டெட்ராய்ட்டில் பிறந்த நிறுவனம். டெட்ராய்ட்டில் வளர்ந்த இவரோ அந்த நிறுவனத்துக்காகப் பாட நாஷ்வில் நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. அப்போது வயது 36.

ஜில் பெட்டார் என்ற பிரெஞ்சுக்காரர் சோல் தட்டுகளைச் சேகரிப்பவர். வெளிவராமலே போன அந்த 1972 ஆல்பத்தை அவர் விடாமல் தேடினார். 1999இல் அட்லாண்டிக்கின் நாடாக் காப்பகத்திலேயே அது அகப்பட்டது. எரிந்ததாகச் சொல்லப்பட்டது அலமாரியில் பத்திரமாக இருந்திருக்கிறது. உரிமை பெற்று, 2000ஆம் ஆண்டில் தம் சிறு நிறுவனத்தின் மூலம் 'சூவெனிர்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார். ஆல்பத்தில் உள்ள, ஜான் பிரைன் எழுதிய பாட்டின் பெயர் அது; நினைவுப்பொருள்கள் என்று பொருள். ஏறக்குறைய அதே வேளையில், பெயர் ம்யூனிக் என்றாலும் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு நிறுவனம் அவருடைய மேடைக் கச்சேரியைப் பதிவு செய்து வெளியிட்டது. ஒரே ஆண்டில் இருபத்தாறு வயதுக் குரலும் ஐம்பது கடந்த குரலும் கடைக்கு வந்தன.

அடுத்து நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. 2003இல் டென்னிஸ் வாக்கர் தயாரித்த 'எ வுமன் லைக் மீ', மறுவருகைக்கான டபிள்யூ.சி. ஹேண்டி புளூஸ் இசை விருதைப் பெற்றது. 2005இல் ஜோ ஹென்றி தயாரித்த ஆல்பத்தில் பத்துப் பாட்டும் பெண்கள் எழுதியவை. அதில் லூசிண்டா வில்லியம்ஸின் 'ஜாய்' பாட்டை மட்டும் இருமுறை கேளுங்கள். பறிபோன மகிழ்ச்சியை ஊர் ஊராகத் தேடிப் போகும் பாட்டு. மூலப்பாட்டின் ஊர்ப்பெயர்களை எடுத்துவிட்டு, டெட்ராய்ட், மெம்பிஸ், மஸில் ஷோல்ஸ் என்று தாம் பாடி ஏமாந்த ஊர்களை வைத்துப் பாடுகிறார். மஸில் ஷோல்ஸ் என்று சொல்லும் இடத்தில் குரல் உறுமுவதன் காரணம், கதை தெரிந்தவருக்குத்தான் விளங்கும்.

2007இல் அதே ஊருக்கு ஃபேம் ஒலிப்பதிவுக்கூடத்தில் பாடப் போனார். உடன் வாசித்த டிரைவ்-பை டிரக்கர்ஸ் குழுவின் பேட்டர்சன் ஹூட், 1972இல் பேஸ் வாசித்த அதே டேவிட் ஹூட்டின் மகன். ஆல்பத்துக்கு வைத்த பெயர் 'தி சீன் ஆஃப் தி க்ரைம்', அதாவது குற்றம் நடந்த இடம். நகைச்சுவையும் கோபமும் ஒரே தலைப்பில் இவ்வளவு இயல்பாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. 2008 டிசம்பரில் கென்னடி மையத்தின் விருது விழாவில், தி ஹூ என்ற ராக் குழுவின் 'லவ், ரெய்ன் ஓர் மீ' பாட்டை அந்தக் குழுவினர் முன்னாலேயே பாடினார். மறு மாதம், ஒபாமா பதவியேற்பையொட்டி லிங்கன் நினைவிடத்தில் சாம் குக்கின் 'எ சேஞ்ச் இஸ் கானா கம்' பாட்டை ஜான் பான் ஜோவியோடு பாடினார்.

பத்திரிகைகள் இவற்றையெல்லாம் மறுவருகை என்றே எழுதின. திரும்பி வருவதற்கு அவர் எங்கே போயிருந்தார்? போகாமலிருந்ததற்குச் சாட்சி, அவர் வெவ்வேறு காலத்தில் பாடிப் பதிவான 'லெட் மீ டவுன் ஈஸி'. 1965 பதிவை முன்பு கேட்டோம். நெதர்லாந்துக் கச்சேரிப் பதிவு இப்போது ஒலிக்கப் போகிறது. வயலின்கள் இல்லை, டாங்கோ இல்லை. குரலில் மேல்சுரம் தேய்ந்து மணற்காகிதம் போலாகிவிட்டது. பத்தொன்பது வயதில் அவர் இந்தப் பாட்டில் கெஞ்சினார். இந்தப் பதிவில் யாரையும் கெஞ்சுவதாக எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று பார்ப்போம்.

(தட்டு ஒலிக்கிறது.)