கிண்டியில் நிறைந்த ஏரி

(தருமபுரியில் பொறியாளர் நாள் விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன சில வரிகளைச் சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, பர்கூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி மாணவச் செல்வங்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர்களே, கடைசி வரிசையில் நின்றபடி டீ எப்போது வரும் என்று வாசலையே பார்க்கும் என் பழைய சகாக்களே, எல்லோருக்கும் வணக்கம். ஒலிபெருக்கி போட்ட தம்பியை யாரும் குறிப்பிடவில்லை. அவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய ஆறு பேரும் சுருக்கமாக முடித்துக்கொள்வதாகச் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். நான் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. நான்கு பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. அடுத்த முறை ஈரிழைத் துண்டு போடுங்கள். வயலுக்குப் போகும்போது தலையில் கட்டவாவது ஆகும். தலைவர் அவர்களுக்கு ஒன்பது மணிக்கு ஓசூர் வண்டி. அதுவரை மணி அடிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார், அதற்கும் நன்றி.

அழைப்பிதழில் 'அண்ணா பல்கலைக்கழகம் தந்த அறிஞர்கள்' என்று போட்டிருக்கிறது. இதை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்று, அங்கே பாடம் சொன்னவர்கள். இரண்டு, படித்துப் பேர் வாங்கியவர்கள். மூன்று, பொறியியல் படித்துவிட்டு வேறு துறையில் கொடி நாட்டியவர்கள். 

எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, பள்ளிக்கூடம் தெரியாது. ஆனால் எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லுவார்: 'ஏரி நிறைஞ்சா கரை கசியும்.' வசதி வந்தவன் வீட்டைச் சுற்றி இருப்பவர்களுக்கும் கொஞ்சம் ஈரம் கிடைக்கும் என்று அர்த்தம். ஆயாவுக்கு அது உவமை இல்லை, நேரடியான கணக்கு. ஏரி நிறைந்த வருடம் கரைக்குக் கீழே இருந்த எங்கள் கிணற்றில் குனிந்து சொம்பாலேயே மொண்டுவிடலாம். நிறையாத வருடம் கயிறு போதாது. இன்றைக்கு நான் பேசப்போவதெல்லாம் இந்தப் பழமொழிக்கு உரைதான்.

நம் ஏரி அண்ணா பல்கலைக்கழகம். முதலில் அது எப்படி நிறைந்தது என்று பார்ப்போம். 1794ஆம் ஆண்டு சென்னைக் கோட்டையில் மைக்கேல் டாப்பிங் என்ற வெள்ளைக்காரர் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். ராக்கெட் விட அல்ல, கணினி செய்ய அல்ல, நிலம் அளக்கச் சொல்லிக்கொடுக்கும் சர்வே பள்ளிக்கூடம். அது 1859இல் சிவில் இன்ஜினியரிங் கல்லூரி ஆனது. 1920இல் கிண்டிக்குப் போனது. 1978இல் கிண்டி கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்கிற மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, கட்டடக்கலைப் பள்ளி எல்லாம் சேர்ந்து அண்ணா பல்கலைக்கழகம் ஆயின. இன்றைக்கு வானத்தைத் தொடுகிற அந்த நிறுவனத்தின் முதல் பாடம் சங்கிலி பிடித்து அளப்பது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இதில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அந்தப் பள்ளி தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன்னால், 1792இல்தான் திப்புவிடமிருந்து நம்ம பாராமகால், அதாவது இந்தத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போனது. கும்பினி அதிகாரிகள் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே வந்து வயல் வயலாக அளக்க ஆரம்பித்தார்கள். மன்றோ தருமபுரியிலேயே ஏழு வருடம் கிடந்தார். அவர்கள் அளந்தது வரி போட, நம் நன்மைக்கு இல்லை. ஆனால் அளந்தார்கள்.

சரி, மனிதர்களுக்கு வருகிறேன். லலிதா. 1919இல் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டு வயதில் விதவை, கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டியில் மின்பொறியியல் பேராசிரியர். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெண்ணை மூலையில் உட்கார வைப்பதுதான் வழக்கம். அப்பா கல்லூரியில் கேட்டு மகளைச் சேர்த்துவிட்டார். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண். அப்புறம் தெரசியா, லீலம்மா என்று இரண்டு பேர் சிவிலில் சேர்ந்தார்கள். போர்க்காலம் என்று படிப்பைச் சுருக்கியதால் மூன்று பேரும் 1943இல் ஒன்றாகவே வெளியே வந்தார்கள். பட்டச் சான்றிதழை அச்சடித்தவர்களுக்கு ஒரு பெண் இதை வாங்குவாள் என்ற நினைப்பே இல்லை. ஆங்கிலத்தில் 'அவன்' என்று அச்சாகி இருந்ததை அடித்து, மேலே 'அவள்' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பக்ரா நங்கல் அணையின் மின்பாதை வேலையில் லலிதாவின் கை இருக்கிறது. தெரசியா கேரளப் பொதுப்பணித் துறையில் தலைமைப் பொறியாளர் வரை போனார். இங்கே இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளே, உங்கள் சான்றிதழில் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருப்பதற்கு அவர்கள்தான் காரணம்.

கலாமைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது அக்கா ஜோகரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அந்த எம்.ஐ.டி.யே சி. ராஜம் என்பவர் தன் வீட்டை விற்ற பணத்தில் 1949இல் தொடங்கியதுதான். இஸ்ரோ தலைவராக இருந்த சிவனும் அங்கே படித்தவர், கன்னியாகுமரிப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. குரல் கேட்டுப் புரிந்துகொள்ளும் கணினிக்கு வழி போட்ட ராஜ் ரெட்டி, 1958இல் கிண்டியில் சிவில் முடித்தவர், 1994இல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது வாங்கினார். பிறந்தது சித்தூர் மாவட்டத்து கிராமம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அடுத்த வீடு.

பாடம் சொன்னவர்களில் இரண்டு பேரைச் சொல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது. ஒருவர் மு. அனந்தகிருஷ்ணன், வாணியம்பாடிக்காரர், நம்ம பக்கம். கிண்டியிலேயே சிவில் படித்து, 1990 முதல் ஆறு வருடம் துணைவேந்தர். எல்லாக் கல்லூரிக்கும் ஒரே இடத்தில் சேர்க்கை நடத்தும் ஒற்றைச் சாளர முறை அவர் காலத்தில் வந்தது. அதற்கு முன்னால் பொறியியல் சீட்டுக்கு எங்கள் ஊரிலிருந்து ஒருவன் எத்தனை கல்லூரி வாசலில் நின்றான் என்பது எனக்குத் தெரியும். அப்புறம் 2006இல் நுழைவுத் தேர்வு போனதற்கும் அவர் தலைமையில் இருந்த குழுவின் பரிந்துரைதான் அடிப்படை. பென்னாகரத்துப் பையனும் மயிலாப்பூர்ப் பையனும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஏரி நிறைந்தால் கரை கசியும் என்பது இதுதான்.

இன்னொருவர் வா.செ. குழந்தைசாமி. கரூர்ப் பக்கம் வாங்கலாம்பாளையம். இவரைக் 'குலோத்துங்கன்' என்ற கவிஞராகத்தான் பலருக்கும் தெரியும். வள்ளுவம் பற்றிய நூலுக்கு 1988இல் சாகித்திய அகாதெமி பரிசு. ஒன்பது வருடம் துணைவேந்தர். ஆனால் அவருடைய உண்மையான துறை நீரியல். ஒரு நிலத்தில் இவ்வளவு மழை பெய்தால் அதில் எவ்வளவு மண்ணுக்குள் போகும், மீதி எவ்வளவு நேரத்தில் ஓடைக்கு வந்து சேரும் என்ற கணக்கு. அமெரிக்காவில் இலினாய்ஸில் அதற்குத்தான் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தக் கணக்கு வேறு எந்த ஊருக்கும் வேண்டுமோ இல்லையோ, நமக்கு வேண்டும். நமக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை. மழை இல்லை என்று சொல்ல முடியாது. பெய்கிற மழை ஏரிக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு கதை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பரவாயில்லை, இது கொஞ்சம் நீளும்.

கிண்டியில் இரண்டாம் ஆண்டு முடித்து விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். ஊர் பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம். மூன்று வருடமாக ஏரி நிறையவில்லை. படிக்கப் போன பிள்ளை வந்திருக்கிறான், அளந்து சொல்லட்டும் என்றார்கள் பெரியவர்கள். எனக்குக் கால் தரையில் இல்லை. தெரிந்த காண்டிராக்டரிடம் மேடு பள்ளம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவியான பழைய டம்பி லெவல் ஒன்றும், அதில் பார்த்துப் படிக்க நான்கு மீட்டர் மர அளவுக்கட்டை, ஸ்டாஃப் என்பார்கள், அது ஒன்றும் இரவல் வாங்கினேன். ஸ்டாஃப் பிடிக்க என் மாமன் மகன், மச்சான் முறை. உபரித் தண்ணீர் வழிகிற ஏரிக்கோடியில் ஆரம்பித்து, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் வழியாக மலையடிவாரம் வரை இரண்டு நாள் அளந்தோம். ஊரே பின்னால் வந்தது. ஒருத்தர் குடை பிடித்தார். ஒரு அம்மா இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் புளியமரத்தடியில் கூட்டம். நோட்டைப் பிரித்துக் கணக்குப் போட்டேன். திரும்பப் போட்டேன். வியர்த்துவிட்டது. என் கணக்குப்படி ஏரி மேலே இருக்கிறது, மலையடிவாரம் கீழே இருக்கிறது. தண்ணீர் ஏரியிலிருந்து மலைக்குப் போகவேண்டும்! மென்று விழுங்கிச் சொன்னேன். ஒரு பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "அப்ப இந்த வருசம் மலைமேல நெல்லு நட்டுறலாமா தம்பி?"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் அந்தப் புளியமரத்தில் தொங்குகிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை. விடியற்காலையில் மச்சானிடம் கேட்டேன், "ஸ்டாஃபை எப்படிடா பிடிச்ச?" அவன் பெருமையாகச் சொன்னான்: "முதல் நாளே நீ அந்தப் பக்கம் போனப்ப கருவியில கண்ணு வெச்சுப் பாத்தேன் மாப்ள. எல்லாம் தலைகீழாத் தெரிஞ்சுது. பாவம், எப்படிப் படிப்பன்னு, நான் கட்டையத் தலைகீழாத் திருப்பிப் புடிச்சேன். உனக்கு நேராத் தெரிஞ்சிருக்குமே?" தெரிந்தது! பழைய டம்பி லெவலில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும், அதுதான் அதன் அமைப்பு. எண்கள் நேராகத் தெரிந்தபோது, காண்டிராக்டர் கருவியைப் புதுப்பித்து வைத்திருக்கிறார் என்று நான் மகிழ்ந்துபோயிருந்தேன். கட்டையைத் தலைகீழாகப் பிடித்தால் பள்ளமெல்லாம் மேடு, மேடெல்லாம் பள்ளம்.

மறுபடி அளந்தோம். சரிவு ஏரியைப் பார்த்துத்தான் இருந்தது. ஆனால் பாதி வழியில் ரோட்டுக்குக் கீழே ஒரு சிறுபாலம். அதன் தளம் கால்வாயின் அடியைவிட ஒரு முழம் உயரம். ஒரே ஒரு முழம். தண்ணீர் அதுவரை வந்து, நின்று, பக்கத்துப் புறம்போக்கில் பரவி வீணாகப் போயிருக்கிறது. அதைக் கட்டிய அலுவலகம் எது என்று நான் சொல்லப்போவதில்லை. மனு கொடுத்தோம். பதினோரு வருடம் கழித்து இடித்துக் கட்டிக் கொடுத்தார்கள். அதற்குள் பாலத்துக்கு மேலே கால்வாயே காணாமல் போயிருந்தது. புலப்படத்தில், அதாவது அரசின் நில அளவைப் படத்தில், ஆறு மீட்டர் அகலம். தரையில் ஒரு கன்றுக்குட்டி தாண்டிவிடும்.

இதற்காகத்தான் வந்தேன். மழை வந்தும் ஏரி நிறையாததால் ஆழ்துளைக் கிணறு போட்டோம். ஆழம் போகப் போக ஃபுளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆகாது. நம் ஊர்களில் பல்லைப் பார்த்தாலே கதை தெரியும். ஒகேனக்கல் குடிநீர் 2013இல் வந்தது, மகராசனாகக் குடிக்கிறோம். ஆனால் குழாய்த் தண்ணீர் கிணற்றை நிரப்பாது. பாரூர் ஏரிக்கு நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீர் வருகிறது. எல்லா ஏரிக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. மானாவாரி ஏரிக்கு வரத்துக் கால்வாய்தான் உயிர்.

செட்டிக்கரைப் பிள்ளைகளே, பர்கூர்ப் பேராசிரியர்களே, சர்வே செய்முறை வகுப்பில் எதை அளக்கிறீர்கள்? விளையாட்டு மைதானத்தை. நான் படித்தபோதும் மைதானம்தான். வருடா வருடம் அதே கொடிக்கம்பம், அதே தண்ணீர்த் தொட்டி. கொடிக்கம்பம் நகரவா போகிறது? ஒரு வகுப்புக்கு ஓர் ஏரி எடுத்துக்கொள்ளுங்கள். கோடியிலிருந்து மலை வரைக்கும் வரத்துக் கால்வாயின் மட்டம் எடுங்கள். புலப்படத்தை இணையத்திலேயே பார்க்கலாம். படத்தில் எவ்வளவு, தரையில் எவ்வளவு, எந்தப் பாலம் எத்தனை முழம் உயரம் என்று பெரிய தாளில் வரைந்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். ஆக்கிரமித்தவர் பெயர் வேண்டாம், சண்டை வரும். சர்வே எண் போதும். டாப்பிங்கும் பாசனத்துக்காக நிலம் அளந்தவர்தான். அந்தப் பள்ளிக்கூடம் 1794இல் சொல்லிக்கொடுத்த அதே வேலை. ஆயா சொன்னமாதிரி கரை கசியவேண்டுமானால் முதலில் ஏரி நிறையவேண்டும் இல்லையா?

தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். மூன்றாவது தலைப்பு பாக்கி. கிண்டியில் படித்த வெங்கட்ராகவன், ஸ்ரீகாந்த் இரண்டு பேரும் இந்தியக் கிரிக்கெட் அணிக்குக் கேப்டன்கள். அதே கிண்டியில் மெக்கானிகல் படித்த குரியன் குஜராத்தில் ஆனந்த் என்ற ஊருக்குப் போய்ப் பால் பண்ணைக்காரர் ஆனார். எம்.ஐ.டி.யில் படித்த சுஜாதா கதையும் எழுதினார், மின்னணு வாக்குப்பதிவு இயந்திர வேலையிலும் இருந்தார். இவர்களைப் பற்றி அடுத்த வருடம் பேசுகிறேன், கூப்பிட்டால்.

வாசலில் மேசைமேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் ஊர் ஏரிக்கோடி. தொப்பி, தண்ணீர், பழைய செருப்பு கொண்டு வாருங்கள். கருவி என்னிடம் இருக்கிறது, இட்லியும் உண்டு. இளவட்டங்கள் பத்துப் பேர் போதும். மச்சானும் வருகிறேன் என்கிறார், அவர் கையில் மட்டும் ஸ்டாஃபைக் கொடுத்துவிடாதீர்கள்.