மணி அடிக்கிறது, குரல் மட்டும் வரவில்லை: ஐபி கான்ஃபரன்ஸ் ஃபோன் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன வீடியோவுக்கு வந்த கேள்விகளில் ஒன்றை இன்றைக்கு முழுசாக எடுத்துக்கொள்கிறேன். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், எங்கள் ஆபீஸ் மீட்டிங் ரூமில் ஐபி கான்ஃபரன்ஸ் ஃபோன் இருக்கிறது. சர்வர் எங்களிடம் இல்லை, சர்வீஸ் கொடுப்பவரிடம் இருக்கிறது. போன மாதம் புது ரூட்டர் மாட்டினோம். அன்றிலிருந்து மணி அடிக்கிறது, எடுத்தால் நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்பதில்லை. 5060 போர்ட்டைத் திறந்துவிட்டோம். இன்னும் எந்தெந்தப் போர்ட்டைத் திறக்க வேண்டும்?"

எதையும் திறக்க வேண்டாம். போர்ட் என்பது நெட்வொர்க்கில் தகவல் வந்துபோகும், எண் போட்ட வாசல் மாதிரி. திறந்து வைத்த 5060-ஐயும் முதலில் மூடிவிடுங்கள். காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

இந்த ஃபோனுக்குள் இரண்டு வேலை நடக்கிறது, இரண்டுக்கும் தனித்தனி புரோட்டோகால், அதாவது தகவல் பரிமாறும் விதிமுறை. கூப்பிடுவது, மணி அடிப்பது, எடுப்பது, வைப்பது எல்லாம் எஸ்ஐபி, அதற்கு வழக்கமான போர்ட்தான் 5060. 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3261 என்ற இணையத் தர ஆவணம்தான் இன்றைக்கும் அதற்கு அடிப்படை. குரலைச் சுமப்பது ஆர்டிபி. அது 5060 பக்கமே எட்டிப் பார்க்காது, ஒவ்வொரு அழைப்புக்கும் வேறொரு யுடிபி போர்ட்டில் ஓடும். மணி அடித்தால் எஸ்ஐபி வந்து சேர்ந்தது என்றுதான் அர்த்தம். குரலுக்கு வழி இருக்கிறதா என்பது அதில் தெரியாது.

சரி, எந்தப் போர்ட்டில் குரலை அனுப்புவது என்று எதிர்ப்பக்கத்துக்கு எப்படித் தெரியும்? எஸ்ஐபி செய்திக்குள்ளேயே ஒரு சீட்டு எழுதி வைத்து அனுப்புவார்கள். அதற்குப் பெயர் எஸ்டிபி. திரையைப் பாருங்கள், நெட்வொர்க்கில் போய்வருவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பிடித்த ஓர் அழைப்பு இது. அழைப்பைத் தொடங்கும் இன்வைட் செய்தியை விரித்தால் அடியில் சின்னச் சின்ன வரிகள் வருகின்றன. 'சி' என்று ஆரம்பிக்கும் வரியில் 192.168.1.45 என்று இருக்கிறது. 'எம்' என்று ஆரம்பிக்கும் வரியில் ஆடியோ, 11780 என்று இருக்கிறது. "எனக்கு வர வேண்டிய குரலை இந்த முகவரியில் இந்தப் போர்ட்டுக்கு அனுப்பு" என்று ஃபோன் சொல்கிறது.

சிக்கலே அந்த முகவரிதான். பிள்ளையார் கோயில் தெரு இல்லாத ஊர் நம் பக்கத்தில் உண்டா? ஊர்ப் பெயரே போடாமல் '45, பிள்ளையார் கோயில் தெரு' என்று மட்டும் எழுதித் தபாலில் போட்டால் எந்த ஊருக்குப் போகும்? 192.168-இல் தொடங்கும் முகவரியும் அப்படித்தான், ஆயிரக்கணக்கான ஆபீஸ்களில் அதே எண் இருக்கும். ரூட்டர் செய்யும் நேட் வேலை, கவரின் மேல் இருக்கும் அனுப்புநர் முகவரியை வெளி முகவரியாக மாற்றிவிடும். கவருக்குள் இருக்கும் சீட்டை அது பிரித்துப் பார்க்காது. உங்கள் குரல் சர்வரின் வெளி முகவரிக்குப் போவதால் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. திரும்பி வர வேண்டிய குரலுக்குத்தான் ஊர் தெரியவில்லை.

"பழைய ரூட்டரில் மட்டும் எப்படி வேலை செய்தது?" என்று கேட்பீர்கள். நல்ல சர்வர் சீட்டில் எழுதியிருப்பதையும் செய்தி உண்மையில் வந்த முகவரியையும் ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் வேறாக இருந்தால், 'இவர் நேட்டுக்குப் பின்னால் இருக்கிறார்' என்று புரிந்துகொண்டு, சீட்டை நம்பாமல், குரல் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பும். இதைக் கெடுப்பது ரூட்டரில் இருக்கும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி. சீட்டைப் பிரித்துத் திருத்தித் தருவதுதான் அதன் வேலை, ஆனால் பல ரூட்டர்களில் பாதியைத் திருத்திப் பாதியை விட்டுவிடுகிறது. சர்வர் குழம்பிப்போகிறது. புது ரூட்டர்களில் பெரும்பாலும் இது முதலிலேயே ஆன் செய்யப்பட்டிருக்கும். உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஆஃப் செய்துவிட்டு, ரூட்டர், ஃபோன் இரண்டையும் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இதே கோளாறுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு நிறுவனத்தில், உள்ளே வரும் அழைப்பு ஒவ்வொன்றும் 32 விநாடியில் அறுந்துவிடும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கேபிள், சுவிட்ச் எல்லாம் மாற்றிப் பார்த்து ஒரு நாள் போய்விட்டது. அந்த 32-தான் துப்பு. ஃபோனை எடுத்ததும் 'எடுத்துவிட்டேன்' என்று அது சொல்லும், எதிர்ப்பக்கம் 'சரி' என்று ஏக் அனுப்ப வேண்டும். அந்த ஏக் தவறான முகவரிக்குப் போய்த் தொலைந்தால், ஃபோன் அரை விநாடியைப் போல் 64 மடங்கு, அதாவது 32 விநாடி காத்திருந்துவிட்டு அழைப்பை முடித்துவிடும். அங்கேயும் ஏஎல்ஜி-ஐ ஆஃப் செய்ததும் சரியாகிவிட்டது.

ஆஃப் செய்தும் சரியாகவில்லையா? ஃபோனின் செட்டிங்கில் ஸ்டன் என்று இருக்கும். ஃபோன் தன் வெளி முகவரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உதவுவது அது. அப்புறம் கீப் அலைவ், அதையும் ஆன் செய்யுங்கள். ரூட்டர் நடுவில் வழியை அடைத்துவிடாமல் அது பார்த்துக்கொள்ளும்.

5060-ஐ ஏன் மூடச் சொன்னேன் என்றால், அந்தப் போர்ட்டைத் தேடி இணையம் முழுக்க ஓயாமல் ஸ்கேன் நடக்கிறது. கடவுச்சொல் எளிதாக இருந்தால் உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள், பில் உங்களுக்கு வரும். உங்கள் ஃபோன் தானே வெளியே போய் சர்வரில் பதிவு செய்துகொள்கிறது. உள்ளே வர யாருக்கும் கதவு திறந்து வைக்க வேண்டிய தேவையே இல்லை.

அந்த நேயர் கேள்வியின் கடைசியில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார், 100 எம்பிபிஎஸ் லைனிலும் சில நேரம் குரல் விட்டுவிட்டு வருகிறது என்கிறார். குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி.711 கோடெக்கில் 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட், விநாடிக்கு 50. தலைப்புகளோடு சேர்த்து ஒன்று 200 பைட், ஆக 80 கேபிபிஎஸ். எதிரில் பத்து பேர் பேசினாலும் எல்லோர் குரலையும் சேர்க்கும் பிரிட்ஜ் கலந்து ஒரே குரலாக அனுப்புவதால் அதே 80-தான். வேகம் போதவில்லை என்பது காரணமாக இருக்காது. யாராவது பெரிய ஃபைல் அப்லோடு செய்யும்போது குரல் பாக்கெட் வரிசையில் பின்னால் நிற்கிறது, நேரம் தவறி வந்ததை ஃபோன் தூக்கிப் போட்டுவிடுகிறது. ரூட்டரில் எதை முதலில் அனுப்புவது என்று சொல்லும் க்யூஓஎஸ் பகுதியில், குரலுக்கான அடையாளமான டிஎஸ்சிபி 46 போட்டு வரும் பாக்கெட்டுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் குரல் வரவில்லை என்றால், ஒரே ஓர் அழைப்பை வயர்ஷார்க்கில் பிடித்து, அந்த 'சி' வரியில் என்ன முகவரி இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். உங்கள் ஃபோன் எண்ணையும் கடவுச்சொல்லையும் மட்டும் மறைத்துவிடுங்கள்.