மேல்வஸ்திரத்தை எறிந்தவன்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

இது லெந்து என்னும் தவக்காலம். பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கும் காலமும் இதுதான். இரண்டும் சேர்ந்து வரும்போதெல்லாம் பாளையங்கோட்டையில் நான் படித்த மூன்று வருஷம் நினைவுக்கு வந்துவிடும். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1979-இல் பி.எஸ்ஸி. சேர்ந்தேன். எங்கள் ஊர் செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய சின்னக் கிராமம். அம்மா உலையில் அரிசி போடும்முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பாள்; அது கோயில் காணிக்கை. கோயிலில் ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு வருஷம் தவறாமல் பரிசு வாங்கியவன் நான். வேதம் எனக்குத் தெரியும் என்ற எண்ணத்தோடுதான் விடுதிக்குப் போனேன்.

விடுதியில் ஒரு மாணவர் ஜெபக்குழு இருந்தது. புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு பேர் ஓர் அறையில் கூடுவோம். நடத்தியவர் எம்.ஏ. படித்த ஓர் அண்ணன். ஒரு பகுதியை மூன்று தரம் சத்தமாக வாசிக்கச் சொல்வார். யார் இருக்கிறார்கள், எங்கே நடக்கிறது, யார் என்ன சொன்னார்கள் என்று கேட்பார். அதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் ‘இதில் எனக்கு என்ன’ என்று பேச விடுவார். அந்த வருஷம் முழுக்க, வேதத்தில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷம் மட்டும்தான். பதினாறே அதிகாரம், இதற்கு ஒரு வருஷமா என்று எனக்குப் பொறுமையே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் பார்வையற்றோர் பள்ளிக்குப் போவோம். பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் வேலையை 1890-இல் ஆஸ்க்வித் என்ற மிஷனரி அம்மையார் தொடங்கினார்கள். எங்கள் காலத்தில் அங்கே படித்து முடித்த பலர் கல்லூரிக்கும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பாடப் புத்தகத்தை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். வாசிக்க வாசிக்க அவர்கள் சிலேட்டு என்ற கட்டம் வெட்டிய சட்டத்தில் கனமான தாளைச் செருகி, முனை மழுங்கிய ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எடுத்துக்கொள்வார்கள். எழுதுவது வலமிருந்து இடம். தாளைத் திருப்பினால் வாசிப்பது இடமிருந்து வலம். இந்த ஆறு புள்ளி எழுத்தை லூயி பிரெயில் உருவாக்கியபோது அவருக்கு வயது பதினைந்து. அவரும் ஒரு பள்ளி மாணவன்தான். இதை நான் பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வேன்.

எனக்குக் கிடைத்தவர் பி.ஏ. வரலாறு படித்த ஒரு தம்பி. என்னைவிட ஒரு வருஷம் இளையவர். அவருடைய பரீட்சைக்கு அவர் சொல்லச் சொல்ல எழுதும் வேலையும் எனக்கு வந்தது. ஒரு கேள்விக்கு அவர் சொன்ன வருஷம் தப்பு. சரியான வருஷம் எனக்குத் தெரியும். ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்துச் சரியானதையே எழுதிவிட்டேன். கடைசியில் வழக்கம்போல எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நான் சொன்னத மட்டும் எழுதுங்கண்ணே. தப்புன்னாலும் அது என் பரீட்சைலா” என்றார். அடித்துவிட்டு அவர் சொன்னதையே எழுதினேன். அன்றைக்கு எனக்கு முகம் எரிந்தது. உதவி என்று நான் நினைத்த ஒன்று அவருடைய கையிலிருந்து பேனாவைப் பிடுங்கும் வேலையாக இருந்திருக்கிறது.

அவருக்கு இதைவிடப் பெரிய காயம் ஒன்று உண்டு. சின்ன வயதில் ஒரு கூட்டத்துக்கு அவரை அழைத்துப் போயிருக்கிறார்கள். பிரசங்கியார் தலையில் கை வைத்து ஜெபித்திருக்கிறார். பார்வை வரவில்லை. ‘வீட்டில் ஏதோ பாவம் இருக்கிறது, விசுவாசமும் போதாது’ என்று எல்லார் முன்னாலும் அந்தத் தாயிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா பல வருஷம் அதைச் சுமந்திருக்கிறார்கள். யோவான் சுவிசேஷம் ஒன்பதாம் அதிகாரத்தில் சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: பிறவிக் குருடன், இது யார் செய்த பாவம்? ‘இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல’ என்று இயேசு பட்டென்று சொல்லிவிடுகிறார். வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு நேர்மாறாக ஒரு தாயிடம் பேச முடிந்திருக்கிறதே என்று நினைத்தால் இன்றைக்கும் மனம் கொதிக்கிறது.

அந்தத் தம்பியை எங்கள் புதன்கிழமைக் கூட்டத்துக்கு அழைத்தோம். பிரெயில் வேதாகமம் முழுசாக இருந்தால் ஓர் அலமாரியை அடைத்துவிடும். அவர் மாற்கு இருக்கும் பகுதியை மட்டும் ஒரு துணிப்பையில் கொண்டுவந்தார். பத்தாம் அதிகாரம், எரிகோ பட்டணத்து வழியோரத்தில் பிச்சை கேட்ட குருடன் பர்திமேயுவை இயேசு அழைக்கும் இடம். பாதியில் கரண்டு போய்விட்டது. யாரோ மெழுகுவர்த்தி தேட எழுந்தார்கள். அதற்குள் அவர் இருட்டில் வாசிக்கத் தொடங்கிவிட்டார். ஒரே சீரான குரல். கீழே தாளில் விரல் நகரும் லேசான சத்தம். ‘உடனே அவன் தன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு, எழுந்து, இயேசுவினிடத்தில் வந்தான்’ என்ற இடத்தில் நிறுத்தினார். விரல் அந்த வரியிலேயே மறுபடி போய் வந்தது.

“அண்ணே, நாங்க எதையும் எறிய மாட்டோம்” என்றார். “செருப்பக் கழட்டினா வச்ச இடம் மனசுல இருக்கணும். எறிஞ்சுட்டா அப்புறம் தரையெல்லாம் தடவணும். இவன் பிச்சைக்காரன் வேற. ராத்திரி குளிருக்குப் போர்த்திக்க அவனுக்கு அந்தத் துணிதான் இருந்திருக்கும். கூட்டத்துக்கு நடுவுல அத எறியுதான்னா, திரும்பத் தேடி எடுக்கும்போது கண்ணு இருக்கும்னு அவனுக்கு நிச்சயம்.”

நான் அந்த வசனத்தை ஒப்பித்துப் பரிசு வாங்கியவன். அந்தத் துணி என் கண்ணில் பட்டதே இல்லை. விசுவாசம் என்றால் என்ன என்று அதுவரை எத்தனையோ பிரசங்கம் கேட்டிருந்தேன். இருட்டில் தரையில் விழுந்த அந்தத் துணிதான் எனக்கு அதைக் காட்டியது.

அடுத்த புதன் அதே அதிகாரத்தை மறுபடி எடுத்தோம். அப்போது இன்னொன்று தெரிந்தது. பர்திமேயுவிடம் இயேசு, ‘நான் உனக்கு என்ன செய்யவேண்டும்’ என்று கேட்கிறார். கொஞ்சம் முன்னால் தம் சீஷர்களான யாக்கோபையும் யோவானையும் இதையேதான் கேட்கிறார். அவர்கள் மகிமையில் வலப்பக்கமும் இடப்பக்கமும் உட்கார இடம் கேட்கிறார்கள். இவன் பார்வை கேட்கிறான். எதிரில் நிற்பவன் குருடன் என்று பார்த்தாலே தெரியும். தெரிந்தும் ஆண்டவர் அவன் வாயால் சொல்லட்டும் என்று கேட்கிறார். பரீட்சை அறையில் நான் கேட்காமல் விட்டது அந்தக் கேள்வியைத்தான். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் போனதும் முதலில், “இன்னைக்கு என்ன வாசிக்கணும் தம்பி?” என்று கேட்கப் பழகிக்கொண்டேன். சில நாள் பாடம் வேண்டாம், தினத்தந்தி போதும் என்பார். தலைப்பு முதல் கடைசிப் பக்கம் வரை வாசிப்பேன்.

என் விசுவாசம் ஒரே நாளில் வளர்ந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். மாற்கு எட்டாம் அதிகாரத்தில் பெத்சாயிதா ஊரில் ஒரு குருடன் இருக்கிறான். இயேசு முதல் தரம் தொட்டதும் ‘நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்’ என்கிறான். மறுபடி தொட்ட பிறகுதான் அவனுக்குத் தெளிவாகத் தெரிகிறது. நான் அந்தக் கட்சி. முதல் வருஷம் அந்தத் தம்பியை நான் ஒரு மரத்தைப்போலத்தான் பார்த்திருக்கிறேன். சேவை செய்ய எனக்குக் கிடைத்த ஓர் இடம், அவ்வளவுதான்.

அவர் பிறகு ஆசிரியராகி ஓய்வும் பெற்றுவிட்டார். நானும் அப்படியே. எங்கள் வீட்டுக்கு வந்தால் துணிப்பையை வாசலுக்கு வலப்பக்கத்து ஆணியில் மாட்டுவார். வீட்டுக்கு எத்தனையோ தரம் வெள்ளை அடித்துவிட்டோம், அந்த ஆணியை எடுக்கவில்லை.

போன வருஷம் அவரிடம், எனக்குப் பிரெயில் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். கண்ணால் பார்த்தால் எழுத்துத் தெரிகிறது. விரலுக்கு இன்னும் பிடிபடவில்லை. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, என் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தாளில் வைக்கிறார். ‘தேவனுடைய குமாரனாகிய இயேசு கிறிஸ்துவினுடைய சுவிசேஷத்தின் ஆரம்பம்.’ இந்த ஒரு வரிக்கு எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. வெள்ளிக்கிழமைதோறும் வருகிறார். இப்போது முதல் அதிகாரத்தில், யோர்தான் கரையில் இருக்கிறோம். எரிகோவுக்குப் போய்ச் சேர இன்னும் நாள் ஆகும்.

வணக்கம்.