256 குவாம் போட்டால் போதுமா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஆன்டெனா வழி வரும் டிஜிட்டல் டிவிக்கு மாடுலேஷன் வடிவமைப்பதுதான் என் புராஜெக்ட். 256 குவாமில் டேட்டா அதிகம் போகிறதே, அதையே வைத்துவிடலாமா?"

நல்ல கேள்வி தம்பி. குவாம் (QAM) என்பது அலையின் உயரத்தையும் கட்டத்தையும் மாற்றி டேட்டாவை ஏற்றும் முறை. அப்படி ஒரு தடவை அனுப்பும் அலைத்துண்டுதான் சிம்பல். 64 குவாமில் ஒரு சிம்பலுக்கு 6 பிட், 256-இல் 8 பிட். லாபம்தான். ஆனால் அலை எடுக்கக்கூடிய நிலைகள், அதாவது புள்ளிகள், 64-லிருந்து 256 ஆகி நெருங்கிவிடுவதால், பிழை கூடாமல் இருக்க ஏறக்குறைய 6 டெசிபல், அதாவது நான்கு மடங்கு பவர் வேண்டும். மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்தவருக்குப் பிரச்சினை இல்லை. சந்துக்குள் கீழ்வீட்டில் இருப்பவருக்குப் படம் அப்படியே உறைந்துவிடும்.

என்னைக் கேட்டால், குவாமில் கை வைக்கும் முன் கார்டு இன்டர்வலை, அதாவது எதிரொலி அடங்குவதற்காக ஒவ்வொரு சிம்பலுக்கும் முன் விடும் இடைவெளியைப் பாருங்கள். பவரைக் கூட்டாமலே லாபம் கிடைக்கும் இடம் அது.

துறைமுகத்து கிரேன்களும் எண்ணூர்ப் புகைபோக்கிகளும் சிக்னலைத் திருப்பி அடிக்கும். 3 கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் எதிரொலி 10 மைக்ரோ வினாடி பிந்தி வரும். ஒரே அலைவரிசையில் பல டிரான்ஸ்மிட்டர்கள் ஓடினால் தாமதம் இன்னும் கூடும். அதனால் 112 மைக்ரோ வினாடி இடைவெளி விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 33 கிலோமீட்டர் வரை தாங்கும்.

டிவிபி-டி2 என்ற ஆன்டெனா டிவி தரநிலையில், 8 மெகாஹெர்ட்ஸ் சேனலைச் சில ஆயிரம் கேரியர்களாக, அதாவது சின்னச் சின்ன அலைகளாகப் பிரிக்கும் 8கே முறையின் சிம்பல் நீளம் 896 மைக்ரோ வினாடி. இடைவெளிக்கே 11 சதவீத நேரம் போய்விடும். கேரியர்களைச் சுமார் நான்கு மடங்காக்கும் 32கே முறைக்கு மாறினால் சிம்பல் 3584 மைக்ரோ வினாடி. அதே 112-ஐ விட்டாலும் இழப்பு 3 சதவீதம்தான்! இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்க்கும்போது வரும் சந்தோஷமே தனி.

அப்புறம் ஏன் எல்லோரும் 32கே வைப்பதில்லை? கேரியர்களுக்கு நடுவே 279 ஹெர்ட்ஸ்தான் இருக்கும், 8கே-யில் 1116. கும்மிடிப்பூண்டி ரயிலில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் கையில் ரிசீவர் இருந்தால், 600 மெகாஹெர்ட்ஸில் டாப்ளர் விலகல், அதாவது வேகத்தால் அலையின் அதிர்வெண் நகர்வது, 33 ஹெர்ட்ஸ் வரை போகும். 8கே அதைச் சமாளித்துவிடும். 32கே-யில் பக்கத்துக் கேரியர்கள் ஒன்றில் ஒன்று கலந்துவிடும்.

ஆகவே பார்ப்பவர் வீட்டில் இருக்கிறாரா, வண்டியில் போகிறாரா என்று முதலில் முடிவு செய்யுங்கள். வீட்டுக் கூரை ஆன்டெனா என்றால் 32கே-யும் 256 குவாமும் தாராளமாக வைக்கலாம். கையடக்க ரிசீவருக்கு 8கே, 16 குவாம் பாதுகாப்பு. சிமுலேஷனில் வெறும் இரைச்சலை மட்டும் சேர்க்காதீர்கள் தம்பி. அந்த 10 மைக்ரோ வினாடி எதிரொலியையும் 33 ஹெர்ட்ஸ் டாப்ளரையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.