மூன்று ஜோடிக் காலுறைகள்

நண்பர்களே, வணக்கம்.

இங்கிலாந்தின் பர்ன்லி கால்பந்து அணியில் ஓர் இளைஞர். கோலை நோக்கி அவர் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்துவிடுகிறது. மேலாளரிடம் போய்க் கேட்கிறார்: ஏன் மேலே போனது? ஊன்றிய கால் தப்பான இடத்தில் இருந்ததா, உடம்பு பின்னால் சாய்ந்துவிட்டதா? "அடித்துக்கொண்டே இரு, பத்தில் ஒன்று உள்ளே போனால் போதும்" என்கிற பாணியில்தான் பதில் வந்தது. அன்றிலிருந்து தானே காரணம் தேட ஆரம்பித்ததாக அவர் பின்னாளில் சொன்னார்.

அவர் பெயர் ஜிம்மி ஹோகன். 1882-இல் லங்காஷயரில், நெல்சன் என்ற ஊரில் பிறந்தவர். மகன் பாதிரியாராக வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. பிள்ளையின் மனசு முழுக்கப் பந்து.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் பயிற்சி என்றால் ஓட்டம்தான். வாரம் முழுக்கப் பந்தைக் கண்ணில் காட்ட மாட்டார்கள்; அப்போதுதான் சனிக்கிழமை ஆட்டத்தில் பந்துக்குப் பசி எடுக்குமாம். பந்தோடு பழகாதவன் பந்தை எப்படி ஆள்வான்? ஹோகனுக்கு இது ஏறவே இல்லை.

ஆட்டக்காரராக அவர் சுமார்தான். ஃபுல்ஹம் அணியோடு 1908-இல் இங்கிலாந்துக் கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதி வரை போனார். அங்கே நியூகாசிலிடம் 6-0 என்று தோற்றார்கள். அப்புறம் போல்டன் அணி. அந்த அணி ஹாலந்துக்குப் போய் டோர்ட்ரெக்ட் அணியை 10-0 என்று நொறுக்கியது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஹோகன் மட்டும், இந்த ஹாலந்துக்காரர்களுக்கு ஒழுங்காக ஆடக் கற்றுத்தர ஒருநாள் வருவேன் என்று நினைத்தார். 1910-இல் பயிற்சியாளராக வந்தும்விட்டார்.

அதற்குப் பிறகு வியன்னா. ஆஸ்திரியக் கால்பந்தை வளர்த்த ஹூகோ மைஸ்லோடு நட்பு. 1914-இல் போர் மூண்டதும் எதிரி நாட்டவர் என்று கைதானார். கடைசியில் புடாபெஸ்டின் எம்.டி.கே. கிளப் அவரைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. பூங்காவில் பந்து உதைத்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களைப் பார்த்ததும் விடவில்லை, பிடித்து அணியில் சேர்த்தார். ஓர்த், பிரவுன் என்ற அந்த இருவரும் ஹங்கேரிக்கே ஆடினார்கள். தரையோடு பாஸ், உதைப்பதற்கு முன்பே அடுத்தது என்ன என்ற யோசனை: அவர் பாடம் இதுதான்.

போர் முடிந்து ஊர் திரும்பினார். கையில் காசில்லை. போரால் நொடித்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு 200 பவுண்டு உதவி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடன் வாங்கி லண்டனுக்குப் போனார். கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஒரு பெட்டியைத் திறந்து மூன்று ஜோடி காக்கிக் காலுறைகளை எடுத்துக் கொடுத்தார். போர்முனையில் இருந்த பையன்கள் இதற்கே சந்தோஷப்பட்டார்கள் என்றும் சொன்னாராம். போர்க்காலத்தில் எதிரி நாட்டில் வேலை பார்த்த துரோகி என்று அவர்களுக்கு நினைப்பு. சிறைப்பட்டவனுக்கு எதிரி நாட்டில் வேறு வழி என்ன இருந்தது? இதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கனத்துவிடும்.

சரி, பிறகாவது மதித்தார்களா? 1934-இல் ஃபுல்ஹமுக்கு மேலாளராக வந்தார். எங்களுக்கு எதற்குப் பயிற்சி என்று ஆட்டக்காரர்கள் முறைத்துக்கொண்டார்கள். குடல்வால் அறுவைக்காக மருத்துவமனையில் கிடந்தவரை வேலையைவிட்டே நீக்கினார்கள். மீண்டும் ஆஸ்திரியா போனார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த ஆஸ்திரிய அணிக்கு வெள்ளி. இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லா கிளப் மட்டும் அவரை நம்பியது. 1938-இல் அந்த அணி லீகின் இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்து முதல் பிரிவுக்கு ஏறியது.

1953 நவம்பர் 25, லண்டனின் வெம்ப்ளி மைதானம். இங்கிலாந்தும் ஹங்கேரியும் மோதின. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்த எந்த அணியிடமும் அதுவரை சொந்த மண்ணில் இங்கிலாந்து தோற்றதில்லை. ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே ஹங்கேரியின் ஹிதெக்குட்டி கோல் போட்டார். முடிவு, ஹங்கேரி 6, இங்கிலாந்து 3. ஜிம்மி ஹோகன் கற்றுத்தந்தபடிதான் ஆடினோம், எங்கள் கால்பந்து வரலாற்றில் அவர் பெயரைப் பொன்னெழுத்தில் எழுத வேண்டும் என்றார் ஹங்கேரியின் பயிற்சியாளர் குஸ்டாவ் ஷெபெஷ்.

அந்த ஆட்டத்தை ஹோகனும் நேரில் பார்த்தார். வயது 71. கூட்டத்தில் ஒருவராக, ஆஸ்டன் வில்லாவின் இளம் பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்.