எப்போது துடித்தது என்பதும் சேதிதான்

நேயர்களுக்கு வணக்கம். புதிய நினைவுகள் பதிய ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி வேண்டும். 1971இல் லண்டனில் ஜான் ஓகீஃபும் ஜொனாதன் டாஸ்ட்ரோவ்ஸ்கியும் எலியின் ஹிப்போகாம்பஸில் சில நியூரான்களை, அதாவது நரம்புச் செல்களை, கண்டார்கள். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால்தான் அதற்குரிய நியூரான் துடிக்கும், அதாவது குட்டி மின்துடிப்பை எழுப்பும். மற்ற இடங்களில் ஏறக்குறைய மௌனம். இவற்றை இட நியூரான்கள் என்போம்.

துடிப்புகளை எண்ணினாலே எலி எங்கே இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். எண்ணிக்கையோடு நின்றுவிட்டால் பெரும்பகுதி கைநழுவிப் போகும். ஓடும் எலியின் ஹிப்போகாம்பஸில் நொடிக்குச் சுமார் 8 முறை ஒரு மின் அலை ஏறி இறங்குகிறது. இதுதான் தீட்டா; ஒரு சுற்றுக்கு 125 மில்லிநொடி. எலி அந்த இடத்துக்குள் நுழையும்போது நியூரான் சுற்றின் பிற்பகுதியில் துடிக்கும். எலி முன்னேற முன்னேற, ஒவ்வொரு சுற்றிலும் துடிப்பு கொஞ்சம் முந்திக்கொள்ளும். ஓகீஃபும் மைக்கேல் ரெக்கியும் 1993இல் இதை வெளியிட்டார்கள். இதனால் கடந்த இடம், இப்போதைய இடம், அடுத்த இடம் ஆகியவற்றின் நியூரான்கள் ஒரே சுற்றுக்குள் வரிசையாகத் துடிக்கின்றன. நியூரான்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்பட இரு துடிப்புகளுக்கு இடையே சில பத்து மில்லிநொடிக்கு மேல் போகக் கூடாது. நடந்து கடக்கப் பல நொடி ஆகும் பாதையை அந்த அளவுக்குச் சுருக்கித் தருவது தீட்டாதான். எனக்கு இதில் தீராத வியப்பு உண்டு.

எலி தூங்கும்போது தீட்டா அடங்கி, நொடிக்கு 150 முதல் 250 வரை துடிக்கும் குட்டிச் சிற்றலைகள் தோன்றும். பகலில் ஓடிய வரிசை அவற்றில் மறுபடி ஓடும். 2009இல் பாரிஸ் ஆய்வாளர்கள் சிற்றலை எழும்போதெல்லாம் சிறு மின்துடிப்பால் அதைக் கலைத்தார்கள். அந்த எலிகள் உணவிருக்கும் வழிகளைக் கற்பதில் பின்தங்கின. அதே மின்துடிப்பைச் சிற்றலை முடிந்தபின் கொடுத்தபோது பாதிப்பில்லை.

அளவீட்டில் கவனம் பிசகக் கூடாது. நான்கு மெல்லிய கம்பிகளை முறுக்கிய டெட்ரோடு என்ற மின்முனையில், ஒரே துடிப்பு நான்கிலும் வெவ்வேறு உயரத்தில் பதியும். அதை வைத்துத்தான் நியூரான்களைப் பிரிக்கிறோம். ஆனால் அடுத்தடுத்துத் துடிக்கும்போது உயரம் குறையும், ஒரு நியூரானை இரண்டாக எண்ணிவிடுவோம். எலி மெல்லும்போது எழும் தசை இரைச்சலும் சிற்றலையைப் போலவே தெரியும். தொலைவில் உள்ள மின்முனையிலும் அதே நேரத்தில் வந்தால் அது சிற்றலை அல்ல. பதிவிலிருந்து வேண்டிய அலையை மட்டும் பிரிக்கும் வடிப்பான் தரும் 10 மில்லிநொடித் தாமதம்கூட, ஒரு சுற்றை 360 பாகை என்று கொண்டால், தீட்டாவில் ஏறக்குறைய 29 பாகை. எனவே தாமதம் ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி பதிவை முன்னும் பின்னுமாக இருமுறை வடிகட்டுங்கள்.